மரபணு சிகிச்சைத் தயாரிப்பில் இறங்குகிறீர்களா? வேலூரிலிருந்து ஒரு வழிகாட்டி

வேலூர்ப் பக்கம் ஒரு சிறு குழுவில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ளவரின் சொந்த ஸ்டெம் செல்லை (ரத்தம் உருவாகும் மூலச் செல்) எடுத்து, அதில் சரியான குளோபின் மரபணுவை ஏற்றி, அவருக்கே திருப்பிச் செலுத்தும் சிகிச்சை எங்களுடையது. ஆராய்ச்சி வேலைக்கென்று சேர்ந்த நான், இரண்டாம் வருடத்திலிருந்து அனுமதி விண்ணப்பம், தயாரிப்பு ஆவணம், தரப் பரிசோதனை மூன்றையும் பார்க்க ஆரம்பித்தேன். சொல்லித்தர ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் தப்பாகச் செய்து, திரும்பச் செய்து கற்றுக்கொண்டேன். அந்தக் காலமெல்லாம் மாதத்துக்கு இரண்டு முறை ரத்தம் ஏற்றிக்கொண்டு காத்திருந்தவர்களுடைய காலம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எம்.எஸ்சி. பயோடெக் முடித்து இந்தத் துறைக்குள் வருபவர்கள், சொந்தமாக ஸ்டார்ட்அப் தொடங்க நினைப்பவர்கள், மருத்துவமனையிலிருந்து கொண்டு இப்படி ஒன்றைச் செய்ய நினைக்கும் டாக்டர்கள் ஆகியோருக்காக இது. இது நம் ஊரில் நடக்குமா என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ஹீமோபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) உள்ள ஐந்து பேருக்கு, 22 முதல் 41 வயது வரை, லென்டிவைரஸ் (செல்லின் டிஎன்ஏவில் மரபணுவைச் சேர்க்கும் வைரஸ்) வழியாக மரபணு ஏற்றிய அவர்களுடைய சொந்தச் செல்களைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு வருடாந்திர ரத்தக்கசிவு பூஜ்ஜியம் என்று 2024 டிசம்பரில் வெளிவந்த கட்டுரை சொல்கிறது. சரி, வேலைக்கு வருவோம்.

1. முதலில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

எந்த நோய், எந்த வயதினர், எந்தச் செல், எந்த வெக்டர் (மரபணுவைச் சுமந்துபோகும் வைரஸ்), ஒருவருக்கு எவ்வளவு அளவு, எந்த வடிவில் நோயாளியின் படுக்கைக்குப் போகும் (உறைந்த பையா, புதிதாகவா), இதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். இந்தப் பக்கத்தை எழுதாமல் எலிச் சோதனையில் இறங்குவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே அதிகச் செலவு வைத்தது. ஏனென்றால் மூன்று வருடம் கழித்து, “எலிக்குக் கொடுத்த வெக்டரும் மனிதருக்குக் கொடுக்கப்போகும் வெக்டரும் ஒரே முறையில் தயாரானதா?” என்று கேட்பார்கள். இல்லையென்றால் எலியிலிருந்து மறுபடி ஆரம்பம்.

இந்தத் துறையில் தயாரிக்கும் முறைதான் மருந்து. மாத்திரையாக இருந்தால் அதைக் கரைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று முழுவதும் அளந்துவிடலாம். செல்லை அப்படி அளக்க முடியாது. எப்படிச் செய்தீர்கள் என்பதை வைத்துத்தான் அது என்னவென்று நம்புவார்கள். கீழே நான் சொல்லும் எல்லாமே இதிலிருந்து வருபவைதான்.

2. குழுக்கள்: யாரிடம், எந்த வரிசையில்

புதிதாக வருபவர் மிரண்டு போகும் இடம் இது. முதல் தடவை பார்க்கும்போது எழுத்துக்களின் குவியலாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கேள்வியைக் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால் எளிது.

நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு, அதாவது ஐபிஎஸ்சி: “இந்த வைரஸ் வெளியே போனால் என்ன ஆகும்?” லென்டிவைரஸ் வேலை இரண்டாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்தில் நடக்க வேண்டும். குழுவில் உயிரித் தொழில்நுட்பத் துறை நியமிக்கும் ஒருவர் இருப்பார்.

ஸ்டெம் செல் ஆராய்ச்சிக் குழு, ஐசி-எஸ்சிஆர்: “மனிதச் செல்லை எங்கிருந்து, யார் சம்மதத்தோடு எடுக்கிறீர்கள்?” 2017ஆம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகள்தான் இதற்கு அடிப்படை.

நெறிமுறைக் குழு, அதாவது எதிக்ஸ் கமிட்டி: “நோயாளிக்கு இது நியாயமா?”

விலங்கு நெறிமுறைக் குழு எலிக்கு. ஆர்சிஜிஎம் (மரபணு மாற்ற ஆய்வுகளைப் பார்க்கும் மத்தியக் குழு), மரபணு மாற்றிய உயிரிப் பொருளை வைத்து, மனிதரிடம் போகும் முன் நீங்கள் செய்யும் முன்மருத்துவ ஆய்வுக்கு. கடைசியாக சிடிஎஸ்சிஓ (மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு), மனிதரிடம் சோதிக்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎம்ஆர், 2019 நவம்பரில் வெளியிட்ட மரபணு சிகிச்சை நெறிமுறைகள் இவையெல்லாம் எப்படிப் பொருந்துகின்றன என்று விளக்குகின்றன. வேறு எதையும் படிக்காவிட்டாலும் அதை இரண்டு முறை படியுங்கள். முதல் தடவை புரியாது, இரண்டாம் தடவை புரியும்.

இங்கே இருக்கும் பொறிகள்:

குழுக்கள் தினமும் கூடுவதில்லை. எங்கள் ஐபிஎஸ்சி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். ஒரு கையெழுத்து குறைந்ததால் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டோம், மூன்று மாதம் போனது. வருடத் தொடக்கத்திலேயே எல்லாக் குழுக்களின் தேதிகளையும் வாங்கிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒன்றின் அனுமதி வந்தபிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். ஐபிஎஸ்சிக்கும் ஐசி-எஸ்சிஆருக்கும் ஒரே வாரத்தில் கொடுக்கலாம்.

நெறிமுறைக் குழு சிடிஎஸ்சிஓவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு ஐந்து வருடம்தான் செல்லும். உங்கள் சோதனை நடக்கும் நடுவில் அது காலாவதியாகிறதா என்று பாருங்கள். உங்கள் மருத்துவமனையில் குழு இல்லையென்றால் வேறொரு குழுவிடம் போகலாம், ஆனால் அது அதே ஊரிலோ 50 கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும். வேலூரில் இருப்பவர்கள், “சென்னையில் தெரிந்த கமிட்டி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்” என்று நினைத்தால் நடக்காது. ராணிப்பேட்டை சரி, சென்னை தூரம்.

இன்னொன்று. சோதனை ஓட்டத்துக்காக ஆரோக்கியமான ஒருவரிடமிருந்து செல் எடுப்பதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும். நோயாளிக்கான விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொள்ளலாம் என்று நினைத்தோம். அந்த விண்ணப்பமோ இரண்டு வருடம் கழித்துத்தான் வரும். கொடையாளருக்கான விண்ணப்பத்தை முதல் வருடத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால், நோயாளியின் மாதிரி வெளியே போவதாக இருந்தால், சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் சேரும். பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் “ஆராய்ச்சிக்கு மட்டும்” என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த ஒப்பந்தத்தில் வந்த பிளாஸ்மிட்டை (வெக்டர் செய்யப் பயன்படும் வட்ட டிஎன்ஏ) வைத்து நோயாளிக்குப் போகும் மருந்தைச் செய்ய முடியாது.

3. விமானத்தில் வரும் பெட்டி

எங்கள் முதல் வெக்டர் மாதிரி வெளிநாட்டிலிருந்து உலர்பனியில் வந்தது. மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள். சென்னை விமான நிலையத்தில் ஒரு கடிதம் குறைகிறது என்று நிறுத்திவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை. கடிதத்தை எழுதி, கையெழுத்து வாங்கி, திங்கள்கிழமை காலை நானே காரில் கொண்டுபோனேன். கூரியர்காரர் இடையில் உலர்பனி நிரப்பியிருக்க வேண்டும், நிரப்பவில்லை. பெட்டியைத் திறந்தேன். தெர்மாகோல் சுவர் ஈரமாக இருந்தது. குப்பிகளில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்தேன். உள்ளே இருந்தது மெதுவாக ஒரு பக்கமாக ஓடியது. ஆறு மாத வேலை அது.

அதன்பிறகு நான் கடைப்பிடிப்பது இவை. பெட்டி திங்கள் அல்லது செவ்வாய் கிளம்பினால்தான் வாங்குவேன். ஐபிஎஸ்சி அனுமதிக் கடிதம், இறக்குமதி அனுமதி, தொற்று ஆபத்து இல்லை என்ற அறிவிப்பு, பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், விலையும் அளவும் காட்டும் இன்வாய்ஸ், இறுதிப் பயன்பாட்டுச் சான்று ஆகிய ஆறையும் பெட்டி கிளம்பும் முன்பே சுங்க முகவரிடம் கொடுத்துவிடுவேன். இன்வாய்ஸில் உள்ள பெயரும் அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். உலர்பனியை எத்தனை மணிக்கு ஒருமுறை யார் நிரப்புவார், அவர் செல்போன் எண் என்ன என்பது எழுத்தில் வேண்டும். பெட்டிக்குள் வெப்பநிலைப் பதிவுக் கருவி இல்லாமல் எதையும் அனுப்பச் சொல்லாதீர்கள். அது இல்லாமல் வந்த பொருள் நன்றாக இருந்தாலும் அதை நிரூபிக்க வழியில்லை.

4. வெக்டர்: எங்கே நேரம் போகிறது

லென்டிவைரஸ் வெக்டருக்கு நான்கு பிளாஸ்மிட் வேண்டும். மரபணுவைச் சுமப்பது ஒன்று, வைரஸின் உடலைக் கட்டும் புரதங்களுக்கு ஒன்று, வைரஸின் ஆர்என்ஏவைச் செல்லின் கருவிலிருந்து வெளியே கொண்டுவரும் ரெவ் புரதத்துக்கு ஒன்று, வெளியுறைக்கு ஒன்று. இந்த நான்கையும் எச்ஈகே293டி என்ற ஆய்வக மனிதச் செல்களுக்குள் ஏற்றினால் இரண்டு மூன்று நாளில் வெக்டர் திரவத்தில் வெளிவரும். அதை வடிகட்டி, சுத்தம் செய்து, செறிவாக்கி, மைனஸ் 80இல் வைக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான்.

நடைமுறையில் தயாரிப்பு இரண்டு வாரம் என்றால் பரிசோதனை இரண்டு மூன்று மாதம். கிருமியின்மைச் சோதனைக்கு 14 நாள். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு 28 நாள். தானாகப் பெருகக்கூடிய லென்டிவைரஸ் உருவாகியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் செல்களைக் குறைந்தது ஐந்து தடவை மாற்றி வளர்த்து, அப்புறம் இன்னொரு செல்லில் காட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. இதைச் செய்யும் பரிசோதனைக் கூடங்கள் குறைவு, வரிசை நீளம். வெக்டர் தயாராகும் நாளை முடிவு செய்த அன்றே அங்கே இடம் பதிவு செய்யுங்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று செல் வங்கி, அதாவது தயாரிப்புக்கென்று உறையவைத்த செல் இருப்பு. எந்தக் குப்பியிலிருந்து, யாரிடமிருந்து, எத்தனையாவது மாற்றத்தில் வந்தது என்ற கதை தெரியாத எச்ஈகே செல்லை வைத்து எதையும் தொடங்காதீர்கள். பக்கத்து ஆய்வகத்தில் அன்பாகக் கொடுத்த குப்பி உங்கள் மொத்தத் திட்டத்தையும் முடக்கிவிடும். இரண்டாவது, பிளாஸ்மிட்டின் தரம். ஆராய்ச்சித் தரத்திலும் உயர் தரத்திலும் விலை பல மடங்கு வித்தியாசப்படும். ஆனால் பாதியில் மாற்றினால் முன்பு செய்த சோதனைகளோடு ஒப்பிட்டுக் காட்டச் செலவாகும் தொகை அதைவிட அதிகம்.

கடைசி வடிகட்டலில், 0.2 மைக்ரான் வடிகட்டியில், வெக்டரின் ஒரு பகுதி மாட்டிக்கொள்ளும். கணக்கில் இதற்கு இடம் விடுங்கள். உறைந்ததை இளக்கி மறுபடி உறைய வைத்தாலும் வீரியம் போகும். அதனால் ஒரு நோயாளிக்குத் தேவையான அளவில் சிறு சிறு குப்பிகளாகவே நிரப்புங்கள்.

5. செல்: கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள்

கடைசியில் எவ்வளவு செல் வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். அமெரிக்காவில் தலசீமியாவுக்கு ஒப்புதல் பெற்ற மரபணு சிகிச்சையான சின்டெக்லோவுக்குக் குறைந்தபட்ச அளவு கிலோவுக்கு 50 லட்சம் சிடி34 செல் (ஸ்டெம் செல்லின் அடையாளப் புரதம் உள்ளவை). 50 கிலோ எடையுள்ளவருக்கு 25 கோடி. வளர்ப்பிலும் உறைவிப்பிலும் கழுவுவதிலும் இழப்பு இருக்கும். தரப் பரிசோதனைக்கு ஒரு பங்கு போகும். மேலும், மாற்றம் செய்யாத செல் கொஞ்சம் தனியாக உறையவைத்து வைக்க வேண்டும். நாங்கள் கிலோவுக்கு 20 லட்சம் என்று வைத்தோம். ஏற்றிய செல் எலும்பு மஜ்ஜையில் பிடிக்காமல் போனால் நோயாளியைக் காப்பாற்றுவது அந்தப் பைதான். அதைச் சேமிக்காமல் முன்னே போகாதீர்கள். இது விஷயத்தில் எந்தச் சமாதானமும் கேட்காதீர்கள்.

இப்படிக் கூட்டிப் பார்த்தால் ஒருநாள் சேகரிப்பு போதாது என்று பெரும்பாலும் தெரியவரும். நோயாளிக்கு ஊசி போட்டு ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு வரவைத்து, இயந்திரத்தில் பிரித்தெடுப்பதை இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டியிருக்கும். அந்த நாட்களில் கிளீன் ரூமும் (தூசியும் கிருமியும் கட்டுப்படுத்திய தயாரிப்பு அறை), ஆட்களும், வெக்டரும் காலியாகவும் தயாராகவும் இருக்க வேண்டும். செல் காத்திருக்காது.

அப்புறம் காந்த மணிகளால் சிடி34 செல்லைப் பிரிப்பது, வளர்ச்சிக் காரணிகளில் ஊறவைப்பது, வெக்டரோடு சேர்ப்பது, கழுவுவது, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று மெதுவாக உறைய வைத்து திரவ நைட்ரஜன் ஆவியில் வைப்பது. மொத்தம் நான்கு நாள் வேலை. செல்லுக்குச் சராசரியாக எத்தனை பிரதி மரபணு ஏறியிருக்கிறது என்பதுதான் முக்கிய அளவு. குறைந்தால் வேலை செய்யாது. அதிகமானால், தவறான இடத்தில் போய் உட்காரும் வாய்ப்பு கூடும். பொதுவாக ஐந்துக்குள் வைக்கிறார்கள். இது வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்லப்படுவது அல்ல. மூளையைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு லென்டிவைரஸ் சிகிச்சையான ஸ்கைசோனா பெற்ற 67 பிள்ளைகளில் ஏழு பேருக்கு ரத்தப் புற்று வகைகள் வந்ததாக 2024இல் வெளியானது. வெக்டருக்குள் எந்தத் தூண்டியை (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) வைக்கிறீர்கள் என்பதும் இதில் பங்கு வகிக்கிறது. முதல் பக்கத்தை எழுதும்போதே இதை யோசியுங்கள்.

உண்மையான நோயாளிக்கு முன், ஆரோக்கியமான கொடையாளர் செல்லில் முழு அளவில் மூன்று தடவை, தொடர்ந்து, ஒரே முறையில் செய்து காட்ட வேண்டும். பாதி அளவில் செய்து பார்த்தது கணக்கில் வராது.

6. கிளீன் ரூமும் கத்திரி வெயிலும்

சுருக்கமாகச் சொன்னால், சுற்றியுள்ள அறை பி தரத்திலும், திறந்து வேலை செய்யும் கேபினெட் ஏ தரத்திலும் இருக்க வேண்டும். ஏ தரம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள தூசித் துகள் 3,520க்கு மேல் போகக்கூடாது. மூடிய குழாய் அமைப்பில் முழுவதும் செய்தால் சுற்றறைத் தரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம். கட்டுவதற்கும் நடத்துவதற்கும் ஆகும் செலவில் அது பெரிய வித்தியாசம், முதலிலேயே யோசியுங்கள். 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய அட்டவணை எம்-ஐ (மருந்து உற்பத்திக்கான தர விதிகள்) கட்டடக்காரரிடம் கொடுக்காமல் வரைபடம் போடச் சொல்லாதீர்கள்.

வேலூரில் இருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டியது வெயில், கரண்ட், தண்ணீர். மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, உள்ளே 20 டிகிரியும் குறைவான ஈரப்பதமும் வைக்க ஏசி இயந்திரம் ராத்திரி பகல் ஓட வேண்டும். ஆள் இல்லாத நாளிலும் நிறுத்த முடியாது. எங்கள் மாதாந்திரச் செலவில் சம்பளத்துக்கு அடுத்தது கரண்ட் பில். மானிய விண்ணப்பத்தில் இதற்குத் தனி வரி போடுங்கள். போடாமல் விட்டால் வேறு எதிலிருந்தாவது எடுத்துத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு மே மாதம் மாலையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்துவிட்டது. இன்குபேட்டருக்கு யூபிஎஸ் இருந்தது. ஆனால் காற்று இயந்திரம் தானாக மறுபடி ஓடவில்லை, யாராவது போய் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அறைக்கும் நடைக்கும் இடையே இருக்க வேண்டிய அழுத்த வித்தியாசம், 15 பாஸ்கலிலிருந்து பூஜ்ஜியத்துக்கு இறங்கியிருந்தது. சுவரிலிருந்த அழுத்தமானியின் முள் கீழே படுத்துக் கிடந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. செல்கள் நன்றாகவே இருந்தன. ஆனாலும் நான்காம் நாளை எட்டியிருந்த அந்த பேட்சைத் தூக்கிப் போட்டோம். ஒரு கொடையாளர் இரண்டு நாள் ஊசி வலியோடு கொடுத்தது அது.

கிளீன் ரூமை ஒப்படைக்கும்போது ஒப்பந்தக்காரரை நிற்கவைத்து மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். எது எது தானாக வருகிறது, எத்தனை நொடியில் வருகிறது என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பணத்தின் கடைசித் தவணையை அதற்குப் பிறகே கொடுங்கள்.

7. எழுதியது இல்லையென்றால் நடக்கவே இல்லை

பேட்ச் ரெக்கார்டு, அதாவது ஒவ்வொரு தயாரிப்பின் பதிவேடு பற்றி. செய்யும்போதே எழுத வேண்டும், செய்த பிறகு அல்ல. பென்சில், வைட்னர் கூடாது. தப்பானால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். தணிக்கைக்கு வந்தவர் எங்கள் பக்கங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் 9.40ஐ 9.10 ஆகத் திருத்தியிருந்தது தெரிந்தது. அதற்கு விளக்கம் எழுத மூன்று வாரம் ஆனது.

நோயாளியின் செல் அவருக்கே போகிறது என்பதை நிரூபிக்கும் சங்கிலியைத் தனியாக வரையுங்கள். சேகரிக்கும் பையிலிருந்து கடைசிப் பை வரை ஒவ்வொரு கைமாற்றத்திலும் இரண்டு பேர் பெயர், எண் இரண்டையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். நம் ஊரில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று யோசித்தாலே போதும்.

8. எலி

விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மனிதச் செல்லை ஏற்றுக்கொள்ளும், நோயெதிர்ப்பு இல்லாத எலி வேண்டும். செல் பிடித்து வளர்ந்ததைப் பார்க்க நான்கு மாதம். அதிலிருந்து எடுத்து இன்னொரு எலிக்கு மாற்றிப் பார்த்தால் இன்னும் நான்கு மாதம். நச்சுத்தன்மை ஆய்வைத் தரச் சான்று பெற்ற கூடத்தில் செய்யுங்கள், சொந்தக் கூடத்தில் செய்தது துணை ஆதாரமாகத்தான் நிற்கும். பரிசோதனையை நிறுத்தும் நாளை முன்கூட்டியே விண்ணப்பத்தில் எழுதியிருக்க வேண்டும்.

9. சிடிஎஸ்சிஓ விண்ணப்பம்: படிவம், கட்டணம், நாள்

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்தான் இதற்குச் சட்டம். சிடிஎஸ்சிஓவின் சுகம் இணையதளம் வழியாக விண்ணப்பம். பரிசோதனை நடத்த சிடி-04, அனுமதி வருவது சிடி-06. சோதனைக்கான மருந்தைத் தயாரிக்கத் தனியாக சிடி-10 விண்ணப்பம், அனுமதி சிடி-11. பலர் முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். சோதனை நடத்த அனுமதி இருக்கும், மருந்தைத் தயாரிக்க அனுமதி இருக்காது.

கட்டணம்: முதல் கட்டப் பரிசோதனைக்கு 3 லட்சம் ரூபாய், இரண்டாம் கட்டத்துக்கு 2 லட்சம், தயாரிப்பு அனுமதிக்கு ஒரு பொருளுக்கு 5,000. மத்திய, மாநில அரசின் முழு அல்லது பகுதி நிதியில் நடக்கும் நிறுவனத்துக்குப் பரிசோதனைக் கட்டணம் இல்லை. உங்கள் நிறுவனத்துக்கு இது பொருந்துமா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். இந்தியாவில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் இல்லாத நோய்க்கான மருந்து என்றால் அரிய நோய் மருந்து என்ற வகையில் வரும். அதற்கான சலுகைகளையும் கேளுங்கள்.

காலம்: இந்தியாவிலேயே கண்டுபிடித்து, இங்கேயே தயாரித்து விற்கப்போகும் மருந்துக்கு 30 வேலை நாள் என்று விதி சொல்கிறது. மற்றவற்றுக்கு 90 வேலை நாள். ஆனால் குறை என்று கேள்வி வந்தால் பதில் கொடுத்த பிறகே மேற்கொண்டு நகரும். கேள்வி வரும், தயாராக இருங்கள். எங்களுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை தயாரிப்புப் பகுதியைப் பற்றியவை. “இந்த எல்லை ஏன் 70 சதவீதம்? ஏன் 80 இல்லை?” என்பது மாதிரி. ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் எழுதிய ஒரு நோட்டு வைத்திருந்தால் அன்றே பதில் அனுப்பலாம்.

அனுமதி கிடைத்து இரண்டு வருடத்துக்குள் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்பது 2018 ஏப்ரலிலிருந்து கிடையாது.

பணம் எங்கிருந்து? தொடக்க யோசனைக்கு, உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் உள்ள பைராக் நிறுவனத்தின் பிக் திட்டத்தில் 50 லட்சம் வரை, 18 மாதத்துக்குத் தருகிறார்கள். அது யோசனை சரியா என்று காட்ட மட்டுமே போதும், கிளீன் ரூம் கட்டுவதற்கு வராது. கட்டுவதற்கு முன், ஏற்கெனவே கிளீன் ரூம் வைத்திருப்பவர்களிடம் நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

10. நோயாளியின் ஒப்புதல் படிவம்: இதை வக்கீலிடம் விடாதீர்கள்

வேலூருக்கு வரும் நோயாளிகளின் மொழி தமிழ் மட்டும் இல்லை. காந்தி ரோட்டில் காலையில் நடந்தால் வங்காளம், இந்தி, தெலுங்கு எல்லாம் கேட்கும். ஒவ்வொரு மொழிக்கும் படிவம், அதைத் திரும்ப ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சரிபார்த்த சான்று, இரண்டும் வேண்டும். ஒரு மொழிக்கு ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தமிழ்ப் படிவத்தின் வரைவைப் படித்துக் காட்ட, தலசீமியா உள்ளவர்களின் குடும்பங்கள் சிலரைக் கூப்பிட்டு உட்கார்ந்தோம். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மகனுக்கு 19 வயது, கடைசி வரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கேட்டார்:

“தம்பி, இத்த போட்டுக்கினா அவனுக்கு நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் வராம போயிடுமா?”

“இல்லம்மா. ரத்தம் ஊறுற செல்லுல மட்டுந்தான் மாத்தறோம். பிள்ளைக்குப் போறது அப்படியேதான் இருக்கும். அவருக்குப் பொண்ணு பாக்கறப்போ, பொண்ணுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடணும்.”

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “எங்க அண்ணன் பொண்ணத்தான் பேசி வெச்சிருக்கோம்” என்றார்.

மகனிடம் குளோபின் மரபணுவின் இரண்டு பிரதியும் குறையுள்ளவை. அந்த அம்மாவிடம் ஒரு குறையுள்ள பிரதி இருக்கிறது. அவருடைய அண்ணனிடமும் இருக்கலாம், அண்ணன் மகளிடமும் இருக்கலாம். அந்தப் பெண்ணிடமும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. பதினெட்டுப் பக்கப் படிவத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்று மாலையே எழுதிச் சேர்த்தோம், குறையுள்ள பிரதி இருப்பவரைக் கண்டுபிடிக்கும் எச்பிஏ2 ரத்தப் பரிசோதனையின் பெயரோடு.

அதே போல, செல் கொடுப்பதற்கு முன், பழைய மஜ்ஜைச் செல்களை அழித்து இடம் செய்வதற்காகத் தரும் பசல்ஃபான் மருந்து குழந்தைப்பேற்றைப் பாதிக்கக்கூடும் என்பதை முதல் இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். விந்தோ கருமுட்டையோ சேமிப்பதற்கான செலவைத் திட்டமே ஏற்க வேண்டும். அதைப் பட்ஜெட்டில் வையுங்கள். “மரபணு திசையன்” என்றெல்லாம் எழுதாதீர்கள். “நோய் உண்டாக்கும் பகுதி நீக்கப்பட்ட வைரஸ், மரபணுவைச் சுமந்துபோகும் வண்டி மாதிரி” என்று எழுதினால் எல்லோருக்கும் புரிந்தது.

11. முதல் நோயாளி, அதற்குப் பிறகு 15 வருடம்

செல் பையின் எல்லாச் சோதனை முடிவும் வந்து, வெளியீட்டுச் சான்றில் கையெழுத்தான பிறகுதான் பசல்ஃபான் தொடங்க வேண்டும். கட்டில் காலியாக இருக்கிறது, நோயாளி ஊரிலிருந்து வந்துவிட்டார், ஒரே ஒரு ரிப்போர்ட் பாக்கி என்று சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். அந்த மருந்து போன பிறகு திரும்பும் வழி இல்லை.

குடும்பம் மூன்று மாதமாவது மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க வேண்டியிருக்கும். லாட்ஜ் அறை சரிப்படாது, சுத்தமாகச் சமைக்க அடுப்புள்ள வீடு வேண்டும். வாடகை, போக்குவரத்து, உடன் இருப்பவர் இழக்கும் கூலி, இவற்றையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். மோசமான பாதிப்பு எதுவானாலும் ஆய்வு நடத்தும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அலசிய அறிக்கை 14 நாளில் போக வேண்டும். சனி, ஞாயிறு என்று இதற்கு விடுமுறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட யார் இருப்பார் என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

மரபணு செல்லின் டிஎன்ஏவிலேயே போய் உட்காருவதால் 15 வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும். உங்கள் மானியம் மூன்று வருடத்தில் முடிந்துவிடும். மீதி 12 வருடத்துக்கான ரத்தப் பரிசோதனைக்கும், மாதிரியை வைக்கும் ஃப்ரீசருக்கும் யார் பொறுப்பு என்பதை நிறுவனத் தலைவரின் கையெழுத்தோடு முதல் நாளே வாங்கி வையுங்கள். நோயாளியிடம் ஒரு செல்போன் எண்ணோடு நிறுத்தாதீர்கள், எண்கள் மாறிவிடும். அவர் சம்மதத்தோடு மூன்று எண் வாங்குங்கள்: அவருடையது, வீட்டில் இன்னொருவருடையது, ஊரை விட்டு நகராத ஒருவருடையது. மூன்றாவது அந்தத் தெரு மளிகைக் கடைக்காரருடையதாக இருந்தாலும் பரவாயில்லை.